இடைவேளையிலேயே கொலையாளி யாரென்று தெரிந்துவிடுகிறது, நல்ல த்ரில்லர் சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு த்ரில்லர் படம் என்றால் உயிர். அம்மா, நான், சித்தி மகள் மூன்று பேரும் ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தால் படம் முடிகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்க மாட்டோம். நடுவில் கரண்ட் போனால்கூட இருட்டில் அப்படியே உட்கார்ந்து, அடுத்து என்ன நடக்கும் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்போம். ஆனால் இப்போது வருகிற படங்களில் பாதி, இடைவேளைக்கு முன்னாலேயே பிடிபட்டுவிடுகிறது. ஊருக்கே தெரிந்த நடிகர் ஒருவர் இரண்டு காட்சியில் சும்மா வந்து சிரித்துவிட்டுப் போகிறாரா, அவர்தான் ஆள். மீதிப் பாதியை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் கடைசிப் பத்து நிமிடத்தில், அதுவரை காட்டாத ஒருவரை அதுவரை சொல்லாத ஒரு பழைய கதையோடு கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். முதல் வகை சப்பென்று போகிறது, இரண்டாவது வகையைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

கடைசித் திருப்பம் வந்ததும் ‘அட, இது என் கண் முன்னாலேயே இருந்ததே’ என்று தோன்ற வைக்கிற படங்கள் வேண்டும். பழசாக இருந்தாலும் பரவாயில்லை, கறுப்பு வெள்ளை என்றால் அம்மாவுக்கு இன்னும் சந்தோஷம். அப்புறம், தயவுசெய்து யாரும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

அரசலாறு (கும்பகோணம்):

தங்கச்சி, அம்மாவோடு பார்ப்பதென்றால் ‘அந்த நாள்’ படத்திலிருந்து தொடங்குங்கள். 1954இல் வந்தது, ஏவி.எம். தயாரிப்பு, இயக்கியவர் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. அந்தக் காலத்தில் பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துத் தியேட்டருக்கு அனுப்ப எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1943இல் ஜப்பான்காரர்கள் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. படம் தொடங்கியதுமே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுவார். பிறகு சி.ஐ.டி. அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்க விசாரிக்க, ஆளுக்கொரு கோணத்தில் செத்தவர் வேறு வேறு மனிதராகத் தெரிவார். அந்த அதிகாரியாக வருகிற ஜாவர் சீதாராமன்தான் வசனமும் எழுதியவர். உங்களுக்குத் தேவையான விஷயம் எல்லாமே சாட்சிகளின் பேச்சிலேயே இருக்கும், கடைசியில் திடீரென்று ஒரு புது ஆள் வந்து குதிக்க மாட்டார்.

அதே பாலசந்தர் 1964இல் எடுத்த ‘பொம்மை’யையும் விடாதீர்கள், அது வேறு வகை. ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு வைத்திருக்கிறார்கள் என்பது ஆரம்பத்திலேயே நமக்குத் தெரியும். அந்தப் பொம்மையோ கை மாறி, கை மாறி ஊரெல்லாம் சுற்றும். ‘கீழே வைத்துவிடு’ என்று நாம் கத்தினாலும் திரையில் இருப்பவர்களுக்கா கேட்கப்போகிறது? ஆங்கிலத் த்ரில்லர்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக், இந்த மாதிரிப் பதைப்பைப் பற்றி பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் பேசியது பலருக்குத் தெரிந்திருக்கும். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் பார்ப்பவனுக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி, முன்பே தெரிந்தால் பதினைந்து நிமிடம் பதைப்பு. என்னைக் கேட்டால் இந்தப் பதைப்புதான் உயர்ந்தது. திருப்பத்தையே எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நடுவில் இருக்கிற நல்ல காட்சிகள் கைநழுவிப் போய்விடுகின்றன.

இன்னொன்று, ‘பொம்மை’ முடிந்ததும் எழுந்துவிட வேண்டாம். நடித்தவர்களையும் திரைக்குப் பின்னால் வேலை செய்தவர்களையும் பாலசந்தரே தோன்றி அறிமுகப்படுத்துவார், அவ்வளவு அழகாக இருக்கும்.

பாமணியாறு (மன்னார்குடி):

அண்ணன் சொன்ன இரண்டு படங்களும் முத்துதான், மறுப்பே இல்லை. ஆனால் த்ரில்லருக்குப் பாட்டு ஆகாது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ‘புதிய பறவை’ (1964) பாருங்கள். ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ என்ற பாட்டு அந்தப் படத்தில் எங்கே வருகிறது, மறுபடி எங்கே வருகிறது, அப்போது சிவாஜியின் முகம் என்ன ஆகிறது என்று கவனியுங்கள், இதற்கு மேல் சொன்னால் பாவம். பாட்டை எடுத்துவிட்டால் அந்தக் கதையின் முதுகெலும்பே போய்விடும்.

பதைப்புதான் உயர்ந்தது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல திருப்பம் தருகிற சந்தோஷம் தனி, ஒரே நொடியில் அதுவரை பார்த்த முழுக் கதையும் வேறாக மாறி நிற்குமே, அதை வேறு எந்த வகைப் படத்தாலும் தர முடியாது.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இந்த ருசி பரம்பரையாக வந்தது என்று எனக்குத் தோன்றும். பறவைகள் வந்து தங்குகிற வடுவூர் இருக்கிறதே, துப்பறியும் நாவல் எழுதித் தமிழ்நாட்டையே தூங்கவிடாமல் செய்த வடுவூர் துரைசாமி அய்யங்காரின் ஊர் அதுதான். அவர் படைத்த துப்பறியும் பாத்திரமான திகம்பர சாமியார் 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாகவும் வந்தார், விதவிதமான வேடம் போட்டு நடித்தவர் நம்பியார். துப்பறியும் சாம்புவை எழுதிய தேவன் திருவிடைமருதூரில் பிறந்தவர். பட்டுக்கோட்டை பிரபாகரின் பெயரிலேயே ஊர் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு கடையில் பாக்கெட் நாவல் வாங்கி, இறங்க வேண்டிய ஊர் வருவதற்குள் கொலையாளியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று படித்து வளர்ந்த ஜனம் நாம். நம்மை ஏமாற்ற வேண்டுமென்றால் கதை எழுதுகிறவர் கொஞ்சம் உழைத்துத்தான் ஆக வேண்டும்.

கொள்ளிடக்கரை (சீர்காழி):

நான் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன், அதனால் வெட்டு எங்கே விழுகிறது என்றுதான் கண் முதலில் போகும். தடயத்தை மறைக்க நல்ல இயக்குநர்கள் அதை இருட்டில் கொண்டுபோய் வைப்பதில்லை, நாம் சிரிக்கிற காட்சியிலோ அழுகிற காட்சியிலோ நடுவில் வைத்துவிடுகிறார்கள். மனம் வேறு வேலையில் இருக்கும்போது கண் பார்த்தாலும் பதியாது. இன்னொரு வழி, இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து ஒட்டினால் இரண்டும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். படம் அப்படிச் சொல்லவே இல்லை, நாம்தான் முடிவுகட்டுகிறோம். இதை நேர்மையான ஏமாற்று என்பேன். நீங்கள் கோபப்படுகிற அந்த இரண்டாவது வகை இருக்கிறதே, அதில் ‘அன்று உண்மையில் நடந்தது’ என்று புதிதாக எடுத்த காட்சியைக் கடைசியில் காட்டி முன்னால் காட்டியதையே பொய்யாக்கிவிடுவார்கள். அங்கே பார்ப்பவனுக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை, கோபம் வந்தால் அது நியாயமான கோபம்தான்.

எனக்கு ஒரே பரீட்சைதான். முடிவு தெரிந்த பிறகு மறுபடி பார்க்கிறேன், படம் இன்னும் நன்றாக இருக்கிறதா? ‘துருவங்கள் பதினாறு’ (2016) இதில் தேறும். ரகுமான், ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரியாக ஒரு பழைய வழக்கைச் சொல்லிக்கொண்டே போவார். கார்த்திக் நரேனின் முதல் படம், பாட்டு இல்லை. முதல் தடவை கதையைப் பாருங்கள், அடுத்த தடவை யாருக்கு எது தெரியும், எப்போது தெரியும் என்று மட்டும் பாருங்கள்.

அரசலாறு அண்ணனையும் பாமணியாறையும் ஒரே பாயில் உட்கார வைக்கிற படமும் ஒன்று இருக்கிறது, ஜீத்து ஜோசப்பின் மலையாளப் படம் ‘த்ரிஷ்யம்’ (2013). தமிழில் அவரே 2015இல் கமலை வைத்து ‘பாபநாசம்’ என்று எடுத்தார். குற்றம் நடந்தது, யார் செய்தது எல்லாம் நமக்கு முன்பே தெரியும், குடும்பம் மாட்டிக்கொள்ளுமா என்ற பதைப்புதான் படம் முழுக்க. அப்படியிருந்தும் கடைசிக்கென்று ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பார்கள்.

ரெண்டாம் ஆட்டம் (திருவாரூர்):

படப் பட்டியல் போதும், பார்க்கிற முறையைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரெய்லர் பார்க்காதீர்கள், நடிகர் பட்டியலைத் தேடிப் படிக்காதீர்கள், இது இரண்டையும் விட்டாலே உங்கள் முதல் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். 1960இல் ‘சைக்கோ’ வெளியானபோது படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ஹிட்ச்காக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏன் என்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் ஊர்ப் பக்கம் பஸ் வருகிற நேரத்துக்குத்தான் படத்துக்கு வருவோம், கடைசி பஸ்ஸைப் பிடிக்க க்ளைமாக்ஸுக்கு முன்னால் எழுந்து ஓடியவர்களும் நிறைய. வீட்டில் பார்க்கிற உங்களுக்கு அந்தக் கவலை இல்லையே, போனைத் தள்ளி வைத்துவிட்டு முதல் நிமிடத்திலிருந்து பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி ‘அந்த நாள்’ பார்த்தோம். விசாரணை பாதியில் இருக்கும்போதே அம்மா ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அதிலிருந்து கடைசி வரை மாறவே இல்லை, அது சரியா தப்பா என்று இங்கே எழுத மாட்டேன், இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள். கொள்ளிடக்கரை அண்ணே, நீங்கள் சொன்னபடி முதல் சில காட்சிகளை மறுபடி போட்டுப் பார்த்தோம், அப்போது புரிந்தது. அடுத்து ‘பொம்மை’ என்று நான் சொல்கிறேன், சித்தி மகள் ‘புதிய பறவை’ என்கிறாள். பாட்டு விஷயத்தைப் பாமணியாறு அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டதால் அவளுக்குத் தாங்கவில்லை, அநேகமாக அதுதான் முதலில்.