எட்ச் ரெயிலிங் ஒட்டிய பிறகும் அது பேப்பர் மாடலா?

கத்தரிக்கோலன்:
போன வாரம் இங்கே ஒருவர் எச்எம்எஸ் டிரெட்நாட் என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் செய்து படம் போட்டிருந்தார். 1:250 அளவு, அதாவது நிஜக் கப்பலில் 250இல் ஒரு பங்கு. தலைப்பு "முழுக்கப் பேப்பர் மாடல்". பெரிதாக்கிப் பார்த்தேன். ரெயிலிங் எல்லாம் எட்ச் செய்த, அதாவது ரசாயனத்தால் அரித்து வடிவெடுத்த, பித்தளைத் தகடு. பீரங்கிக் குழல்கள் கடைசல் பிடித்த பித்தளை. உள்சட்டம் லேசரில் வெட்டி வந்தது. அடிப்பாகத்துக்குப் புட்டி தேய்த்து ஸ்பிரே பெயின்ட் அடித்திருக்கிறார். அப்புறம் பேப்பர் எங்கே இருக்கிறது? அழகாக இல்லை என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக் கிட்காரர்களுக்குச் சமமாக நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே போகிறோம். அதைத்தான் சொல்கிறேன்.

பித்தளைப்பிரியன்:
கணக்குப் போட்டுப் பார்ப்போம் சார். 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) தாள் ஏறக்குறைய 0.2 மி.மீ. தடிமன். அதில் ரெயிலிங் வெட்டினால், 250ஆல் பெருக்கும்போது 5 செ.மீ. நிஜக் கப்பலில் மேல்தளத்தைச் சுற்றி ஓடுவது மெல்லிய கம்பி. அந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் ஓடுவதுபோல் இருந்தால், அது பேப்பர் என்பதற்காக நான் கைதட்ட வேண்டுமா? பீரங்கிக்கு வருகிறேன். டிரெட்நாட்டில் 12 பவுண்டர் (சுமார் 12 பவுண்டு எடைக் குண்டு சுடும்) சிறு பீரங்கிகள் 27. துளை 76 மி.மீ., அதாவது நம் அளவில் 0.3 மி.மீ. அந்த 27 குழல்களையும் தாளில் சுருட்டிக் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கத்தரிக்கோலன்:
சிறு பீரங்கிக்குக் கம்பிதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பெரிய 12 அங்குலக் குழல்களையும் ஏன் வாங்கி ஒட்ட வேண்டும்? அதன் துளையே நம் அளவில் 1.2 மி.மீ. தாராளமாகச் சுருட்டலாம். தாளைச் செவ்வகமாக வெட்டாமல் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டிச் சுருட்டினால், முனைப்பக்கம் சுற்றுகள் குறைந்து குழல் தானாகக் கூம்பி வரும். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் போதும். தாளின் நாரோட்டம் குழலின் நீளவாக்கில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குறுக்கே இருந்தால் வளையாமல் மடிந்து மடிந்து உடையும். இது தெரியாமல்தான் பலர் "பேப்பர் குழல் சரியாக வராது" என்று முடிவுகட்டிப் பித்தளைக்கு ஓடுகிறார்கள்.

நூலாம்படை:
ஒரு நிமிடம். கம்பிக்கு அனுமதி, பித்தளைக்கு இல்லை. பாய்மரக் கயிறுகளுக்கு நூல் கட்டுவீர்கள்தானே? நூல் பேப்பரா? விதி என்ன என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள் அண்ணா. போலந்தில் 1950களிலிருந்து வந்த "மாவி மொடெலாஷ்" இதழ்களைப் பாருங்கள். கடையில் நல்ல கிட் கிடைக்காத காலத்தில் வெறும் தாளில் அச்சடித்து வந்தவை அவை. கொடிமரத்துக்கும் மற்ற மெல்லிய பாகங்களுக்கும் எந்த நீளத்தில் கம்பி வெட்ட வேண்டும் என்று அதிலேயே கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். காகிதத்தைத் தவிர எதுவும் கூடாது என்று அவர்களே சொல்லவில்லை.

கத்தரிக்கோலன்:
விதி எளிது. உங்கள் கையால் வடிவம் கொடுத்தது சரி. தயாராக வந்ததை ஒட்டுவது சரியில்லை.

பித்தளைப்பிரியன்:
ஆக இது பேப்பரைப் பற்றிய சண்டையே இல்லை, கையைப் பற்றிய சண்டை! லேசரில் வெட்டிய அட்டை நூற்றுக்கு நூறு பேப்பர், ஆனால் உங்கள் விதிப்படி அது கூடாது. நான் பித்தளைக் கம்பியை வெட்டிச் சாலிடர் வைத்து ரெயிலிங் செய்தால் அது செல்லும். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் முதல் பதிவில் "பேப்பர் எங்கே" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி இப்போது எங்கே போனது?

கீல்சாமி:
இரண்டு பேரும் ரெயிலிங்கையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பேப்பர் கப்பல் கெடுவது அங்கே இல்லை, உடலில். நடுவே நீளவாக்கில் ஒரு சட்டம், அதில் காடி வெட்டிக் குறுக்குச் சட்டங்களைச் செருகுகிறோம். 1 மி.மீ. அட்டையில் இத்தனை காடிகளையும் கையால் வெட்டும்போது ஒன்று அரை மில்லிமீட்டர் விலகினால் போதும், மேல்தளம் முறுக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் பித்தளை ஒட்டினாலும் பேப்பர் ஒட்டினாலும் கப்பல் கோணல்தான். அதனால் உள்சட்டத்துக்கு லேசரை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். வெளியே தெரியாத வேலை. விரல் மூட்டு வலிக்கிற ஆட்களும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள், அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆனால் புட்டி விஷயத்தில் நான் கத்தரிக்கோலன் பக்கம். நீர்மட்டத்துக்குக் கீழே தோல், அதாவது சட்டங்களை மூடும் வெளித்தாள், ஒட்டும்போது சட்டத்துக்குச் சட்டம் தாள் உள்வாங்கி, பட்டினி கிடந்த மாட்டின் விலாவைப் போல எலும்பு தெரியும். உடனே எல்லோரும் புட்டியை எடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அச்சில்லாத வெள்ளைத் தாளில் முதலில் ஓர் உள்தோல் ஒட்டுங்கள். ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டம் வரை தனித்தனிப் பட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டுக்கு முட்டு வைக்க வேண்டும். காய்ந்த பின் மேடுகளை லேசாகத் தேய்த்துவிட்டு, அதன் மேல் அச்சிட்ட தோல். தண்ணீர் கலந்த பசையை அட்டை முழுக்கப் பூசாதீர்கள், நெளியும். அடித்தட்டைக் கண்ணாடிமேல் வைத்துப் பாரம் ஏற்றிக் காயவிடுங்கள். இத்தனையும் செய்தால் புட்டிக்கு வேலை இல்லை, புட்டி இல்லாவிட்டால் பெயின்டுக்கும் வேலை இல்லை.

புதுக்கத்தி:
அப்போ நீர்மட்டத்தோடு நிறுத்திவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

கீல்சாமி:
இல்லைதான் தம்பி. 1:250இல் வரும் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாவன் வரிசை மாடல் தாள்கள் பெரும்பாலும் அப்படித்தான். முதல் கப்பலுக்கு அதுவே சரி. சுழலியும் சுக்கானும் தெரியாதே என்று வருத்தப்படுகிறவர்கள் பின்னால் முழு உடலுக்கு வரலாம்.

பித்தளைப்பிரியன்:
பெயின்டுக்கு வேலை இல்லையா? வீட்டில் இங்க்ஜெட்டில் அச்சடித்துப் பார்த்திருக்கிறீர்களா சார்? ஒரே சாம்பல் நிறம், மை பாதி தீர்ந்த பிறகு அடித்த தாளில் வேறு சாம்பல். பீரங்கிக் கோபுரத்தின் கூரை ஒரு நிறம், பக்கச்சுவர் இன்னொரு நிறம். விரலில் ஈரம் பட்டால் மை கலங்கும். லேசர் அச்சில் அடித்தால் மடிப்பில் டோனர் உதிரும்.

கத்தரிக்கோலன்:
வெட்டுவதற்கு முன்பே தாளின் மேல் மேட் வார்னிஷ் இரண்டு தரம் மெல்லியதாக அடித்துக் காயவிடுங்கள், கலங்காது. வெட்டிய ஓரத்தில் வெள்ளை தெரிவதற்கு அதே நிறத்தில் வாட்டர்கலர் தொட்டு இழுத்தால் போதும். இதற்காகக் கப்பல் முழுக்க ஸ்பிரே அடிக்க வேண்டுமா? அச்சிட்ட நிறம்தான் பேப்பர் மாடலின் முகம். அதன்மேல் பெயின்ட் பூசிவிட்டால் அடியில் இருப்பது தாளா, பிளாஸ்டிக்கா, மரமா என்று யாருக்குத் தெரியப்போகிறது?

நூலாம்படை:
இது நியாயமான வாதம். முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு வேறொரு சிக்கல். டிரெட்நாட்டின் முக்காலிக் கொடிமரத்தை முதல் புகைபோக்கிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். மேலே நின்று குறிபார்க்க வேண்டியவர்கள் புகையிலும் சூட்டிலும் அவிந்தார்கள், அது கப்பலைக் கட்டியவர்களின் புத்திசாலித்தனம். நமக்கு அந்த மூன்று கால்தான் பிரச்சினை. வெறும் தாளைச் சுருட்டி நிறுத்தினால், கயிறு கட்டி இழுத்ததும் வளைந்துவிடுகிறது. நான் உள்ளே எஃகுக் கம்பி வைத்து வெளியே தாள் சுற்றுகிறேன். இது எந்தக் கட்சி?

பித்தளைப்பிரியன்:
என் கட்சி. வெட்கப்பட்டுக்கொண்டு தாளைப் போர்த்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கத்தரிக்கோலன்:
என் கட்சிதான். கம்பி உள்ளே எலும்பு, கண்ணுக்குத் தெரிவது தாள். ரெயிலிங்குக்கும் எனக்கு வழி இருக்கிறது. சட்டகத்தில் மெல்லிய நூலை இழுத்துக் கட்டி, குறுக்கே தூண்களுக்கு நூல் வைத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் துளி பசை. காய்ந்ததும் வெட்டி எடுத்தால் எட்சைவிட உருண்டையாக இருக்கும். எட்ச் ரெயிலிங் தட்டைத் தகடு என்பதை யாரும் இதுவரை சொல்லவில்லை.

பித்தளைப்பிரியன்:
தட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிமிர்ந்து நிற்கும். நிஜத்தில் 1.1 மீட்டர் உயரம் என்று வைத்தால் நமக்கு 4.4 மி.மீ. அந்த உயரத்தில் மூன்று வரிசை நூலைக் கப்பலின் 64 செ.மீ. நீளத்துக்கு இருபுறமும் தொய்யாமல் நிறுத்திப் படம் போடுங்கள். பேசுவோம்.

கீல்சாமி:
அதற்கு முன் பக்கவாட்டில் டார்பிடோ தடுப்பு வலை இருக்கிறது. அதைச் சுருட்டித் தட்டின்மேல் கிடத்தியிருப்பார்கள். அதற்கு எட்சும் உதவாது, அச்சும் உதவாது. டிஷ்யூ தாளை நீளமாக முறுக்கி, இடைவெளி விட்டு நூல் சுற்றி, அடர்சாம்பல் தொட்டு வையுங்கள். தாள்தான், கையால் செய்ததுதான். பெயின்ட் மட்டும் கொஞ்சம் படும். கத்தரிக்கோலன் மன்னிப்பாரா?

கத்தரிக்கோலன்:
வலைக்கு மட்டும். புட்டிக்குக் கிடையாது.