மறுமொழி: பேக்கப் வழிகாட்டியில் 'நகல் நீக்கம்' வேண்டாம்

வணக்கம். போர்க் என்ற பேக்கப் நிரலுக்கான நம் வழிகாட்டியில், 'டிடூப்ளிகேஷன்' (ஒரே தரவை மறுபடி சேமிக்காமல் விடுவது) என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல் என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> 'நகல் நீக்கம்' சுருக்கமாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் வரைவைச் சர்வர் பக்கமே போகாத நண்பர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். போர்க் தன் வேலை முடிந்ததும் காட்டும் அட்டவணையில் மூன்று அளவுகள் வருமல்லவா? மூல அளவு, சுருக்கிய அளவு, மூன்றாவதாக நாம் 'நகல் நீக்கிய அளவு' என்று எழுதியது. அங்கே நின்றுவிட்டார். "இப்போதுதானே காப்புநகல் எடுத்தோம், அதற்குள் ஏன் நீக்குகிறது?" என்றார். பேக்கப்பைக் 'காப்புநகல்' என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அதே பக்கத்தில் 'நகல் நீக்கம்' என்று எழுதினால் வேறு எப்படிப் படிப்பார்? அதுவும் இப்படிப்பட்ட வழிகாட்டியை நிதானமாகப் படிப்பவர்கள் குறைவு. டிஸ்க் போன பிறகு, கை நடுங்கும்போதுதான் தேடி வருவார்கள்.

இன்னொன்று, இங்கே எதுவும் நீக்கப்படுவதே இல்லை. போர்க் கோப்பைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடுகிறது. அந்த எண் களஞ்சியத்தில் (காப்புநகல்கள் எல்லாம் சேரும் இடத்தில்) ஏற்கெனவே இருந்தால், துண்டை மறுபடி எழுதாமல் 'அங்கே இருக்கிறது' என்று குறித்துக்கொண்டு நகர்கிறது. எங்கே வெட்டுவது என்பதையும் உள்ளடக்கமே தீர்மானிப்பதால், பெரிய கோப்பின் தலையில் நாலு எழுத்தைச் செருகினாலும் பின்னால் உள்ள துண்டுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ரெஸ்டிக் என்ற இன்னொரு பேக்கப் நிரலுக்கும் இந்த வழிதான். இலக்கணக்காரர்கள் 'கூறியது கூறல்' என்று ஒரு குற்றம் சொல்வார்களே, அதைச் செய்யாமல் விடுவதுதான் இது. செய்யாமல் விட்டதற்குப் பெயர் நீக்கமா?

'இரட்டிப்பு நீக்கம்' என்பதில் எனக்கு நாட்டமில்லை. 30 நாள் காப்புநகலில் ஒரே துண்டு 30 முறை வரும். இரட்டிப்பு எங்கிருந்து வந்தது?

என் முன்மொழிவு 'ஒருபடிச் சேமிப்பு'. ஓலையைப் பார்த்துப் படியெடுத்த காலத்துச் சொல் நம்மிடம் இருக்கிறது. முதலில் 'ஒற்றைப்படி' என்றுதான் எழுதினேன். 'ஒற்றைப்படை'யோடு குழம்பும் என்று விட்டுவிட்டேன்.

இந்தச் சொல் ஓர் ஆபத்தையும் சேர்த்துச் சொல்கிறது என்பதால்தான் இத்தனை வாதாடுகிறேன். நாளுக்கொன்றாக 7, வாரத்துக்கொன்றாக 4, மாதத்துக்கொன்றாக 6 என்று அமைத்தால் நாளடைவில் பட்டியலில் 17 காப்புநகல்கள் நிற்கும். ஒவ்வொன்றும் முழுமையானதாகவே தெரியும். ஆனால் மாறாத கோப்பு ஒன்றின் துண்டுகள் களஞ்சியத்தில் ஒரே ஒரு படிதான். அதில் ஒரு துண்டு கெட்டால் 17இலும் அந்தக் கோப்பு கெட்டதுதான். 'நகல் நீக்கம்' என்பது இடம் மிச்சம் என்று மட்டும் சொல்லும். 'ஒருபடி' என்று படிப்பவர், இன்னொரு படி எங்கே என்று கேட்பார். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டும். வேறு இடத்தில் இரண்டாவது களஞ்சியம் வைக்கவும், சரிபார்ப்புக் கட்டளையை அவ்வப்போது ஓட்டவும் அப்போதுதான் தோன்றும். இரண்டாவதையும் சர்வரிலிருந்தே தனியாக எடுக்க வேண்டும். முதல் களஞ்சியத்தை அப்படியே பெயர்த்து வைத்தால் கெட்ட துண்டும் கூடவே போகும்.

பழைய காப்புநகல்களைக் கழிக்கும் கட்டளைக்குக் 'கவாத்து' என்று போட்டிருக்கிறேன். செடிக்குச் செய்வதுதான். போர்க் 1.2 முதல் கவாத்து செய்தால் மட்டும் இடம் திரும்பாது, தனியாக 'இறுக்கு' கட்டளையும் தர வேண்டும். 'நீக்கம்' என்ற சொல்லை இந்தப் பகுதிக்கு விட்டுவைப்போம்; உண்மையாகவே ஒன்று போவது இங்கேதான்.

-----

மறுமொழி:

'ஒருபடிச் சேமிப்பு' என்றதும் எனக்கு மாடிப்படிதான் நினைவுக்கு வந்தது. ஒரே கட்டத்தில் முடிகிற சேமிப்போ என்று நினைத்தேன். அட்டவணையில் 'ஒருபடி அளவு' என்று வந்தால் உங்கள் நண்பர் மறுபடியும் அங்கேயே நிற்பார். அந்த இடத்துக்குக் கலைச்சொல் எதற்கு? 'உண்மையில் பிடித்த இடம்' என்று எழுதினால் போதாதா?

-----

மறுமொழி:

போதும், அதுதான் சரி. மொத்தக் களஞ்சியத்துக்கான வரியில் 'உண்மையில் பிடித்த இடம்' என்றும், அந்த ஒரு காப்புநகலுக்கான வரியில் 'இதற்கு மட்டுமே உரிய இடம்' என்றும் மாற்றிவிட்டேன். விளக்கப் பகுதியில் 'ஒருபடிச் சேமிப்பு' இருக்கட்டும். முதன்முறை வருமிடத்தில், படி என்றால் இங்கே நகல் என்று ஒரு வரி சேர்க்கிறேன். 'கவாத்து' பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.