வேரிகோசீல் ஆபரேஷன்: விதை சுருங்கிடும்னு பயமுறுத்துறாங்க, உண்மையா?

ஸ்டென்டர்காரன், திருப்பூர்
வணக்கம்ங்க. வயசு 33, கல்யாணமாகி நாலு வருசம் ஆச்சு. சாயப்பட்டறையில ஸ்டென்டர் மெஷின் ஓட்டுறேன், நாள் பூரா வெக்கைலதான் நிக்கணும். ரெண்டு தடவை விந்து டெஸ்ட் குடுத்ததுல விந்தணுக் கவுண்ட் 7 மில்லியன், அசைவு 20 சதவீதம். இடது பக்கம் விதைக்கு மேல சிரை வீங்கியிருக்கு, அதான் வேரிகோசீல், கிரேடு 3. டாக்டர் ஆபரேஷன் பண்ணிக்கலாம்ங்கிறார். கூட வேலை பாக்கிற அண்ணன் "அங்க கத்தி பட்டா ஆண்மையே போயிரும், விதை சுருங்கிரும்"ங்கிறார். மச்சான் நேரா டெஸ்ட் டியூபுக்கே போயிரலாம்ங்கிறார். வீட்டுக்காரம்மாவுக்கு 28, அவங்க ரிப்போர்ட்ல ஒரு குறையும் இல்லீங்க. பண்ணிக்கிட்டவங்க சொல்லுங்க.

மெட்ராஸ்_மணி
எனக்கு லேப்ராஸ்கோப்பில பண்ணாங்க பாஸ். கவுண்ட் ஏறுச்சு. ஆனா கொஞ்ச மாசத்துல விதைப்பையில தண்ணி கோத்துக்கிச்சு, அதுக்குத் தனியா ஒரு ஆபரேஷன். இப்படி ஆகலாம்னு முன்னாடி யாரும் சொல்லவே இல்ல, அதான் கடுப்பு.

தியேட்டர்_அக்கா, கோவை
தம்பி, நான் யூராலஜி தியேட்டர்ல நர்ஸ். உங்க அண்ணன் சொல்றதுல பாதி வெறும் பயம். விறைப்புக்கான நரம்பு இந்த இடத்துக்கே வர்றதில்ல. தாம்பத்தியம் கெடாது.

விதை சுருங்கிறது மட்டும் முழுப் பொய்யில்ல. வீங்குன சிரைகளைக் கட்டும்போது விதைக்குப் போற தமனியையும் சேத்துக் கட்டிட்டா அது நடக்கலாம், அபூர்வமா. அந்தத் தமனி தையல் நூல் கனம்தான் இருக்கும், சிரைக்கூட்டத்துக்கு நடுவுல ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். அதனாலதான் மைக்ரோஸ்கோப்ப வச்சுப் பண்ணச் சொல்றது. எங்க தியேட்டர்ல ரத்த ஓட்டத்தைச் சத்தமாக் காட்டற டாப்ளர் கருவியோட பேனா மாதிரி முனையை ஒவ்வொரு குழாய் மேலயும் வப்பாங்க. "புஸ், புஸ்"னு துடிப்புக் கேட்டா அது தமனி, தொடக்கூடாது. சத்தம் வராததை மட்டும்தான் கட்டுவாங்க. சில சமயம் தமனி சுருங்கிக்கிட்டுச் சத்தமே குடுக்காது. அப்ப மேல மருந்து சொட்டு விட்டுட்டு, அது விரியற வரைக்கும் எல்லாரும் கம்முனு நிப்போம்.

மணி தம்பிக்கு ஆனது ஹைட்ரோசீல். கண்ணாடி நிறத்துல இருக்கிற நிணநீர்க் குழாயையும் சேத்துக் கட்டிட்டா தண்ணி வடிய வழியில்லாமப் போயிரும். மைக்ரோஸ்கோப்புல அதையும் பாத்து ஒதுக்கிரலாம், அதனால 100-ல ஒருத்தருக்கு வந்தாலே ஜாஸ்தி. சிரை திரும்ப வீங்கிறதும் 100-க்கு ஒண்ணு ரெண்டுதான். பழைய திறந்த முறையில அது 10, 15 வரைக்கும் போகும். ஆக, டாக்டர்கிட்ட நீங்க கேக்க வேண்டியது "மைக்ரோஸ்கோப் வச்சா பண்றீங்க, மாசத்துக்கு எத்தனை பண்றீங்க"ன்னு. கூச்சப்படாதீங்க.

இன்னொண்ணு, கைக்குத் தட்டுப்படாம ஸ்கேன்ல மட்டும் தெரியற வேரிகோசீலுக்குக் கத்தி வேண்டாம். உங்களது கிரேடு 3, நின்னாலே கண்ணுக்குத் தெரியற அளவு, கவுண்டும் கம்மி. பண்றதுக்கு நியாயம் இருக்கு. 100-ல 60, 70 பேருக்கு ரிப்போர்ட் தேறும். தேறுன எல்லாருக்கும் குழந்தை தங்கிரும்னு நெனச்சிராதீங்க.

ஸ்டென்டர்காரன்
ரொம்ப நன்றிங்க்கா. எவ்வளவு நாள்ல தெரியும்? பைக் ஓட்டலாமா? இன்சூரன்ஸ் வருமா?

தியேட்டர்_அக்கா
ஒரு விந்தணு உருவாகவே ரெண்டரை மாசம் ஆகும். அதனால மூணு மாசத்துக்கு முன்னாடி டெஸ்ட் குடுத்து மனசைக் கெடுத்துக்காதீங்க, ஆறு மாசம் வரைக்கும் பொறுங்க. பைக்கும் துணி ரோல் தூக்கறதும் டாக்டர் சொல்ற வரைக்கும் வேண்டாம். விதையைத் தாங்கற மாதிரி இறுக்கமான ஜட்டி போடுங்க. குழந்தையின்மைச் சிகிச்சையை நிறைய பாலிசி விலக்கி வச்சிருக்கும், இன்சூரன்ஸ் கிளெய்மைப் பாக்கிற டிபிஏ கம்பெனிகிட்ட மொதல்லயே கேட்டுருங்க. வீட்டுக்காரம்மாவுக்கு 28-ங்கிறதால காத்திருக்கலாம். 37, 38-ன்னா நானே மச்சான் பக்கம் பேசியிருப்பேன்.

பெயர்_வேண்டாம்
எனக்குக் கவுண்ட் பூஜ்யம். மைக்ரோஸ்கோப் வச்சு விதைக்குள்ள தேடி விந்தணு எடுக்கிற மைக்ரோ டீசி ஆபரேஷன் பண்ணணும்ங்கிறாங்க.

தியேட்டர்_அக்கா
அது வேற கணக்குங்க. மொதல்ல அடைப்பா, உற்பத்தியே இல்லையான்னு ஹார்மோன் டெஸ்ட்ல பாக்கணும். உற்பத்தி இல்லைன்னா ஒய் குரோமோசோம் டெஸ்ட்டும் எடுத்தே ஆகணும். அதுல விந்தணு உருவாகத் தேவையான ஏஇசட்எஃப்-ங்கிற இடத்துல ஏ அல்லது பி பகுதி முழுசா விடுபட்டிருந்தா உள்ள தேடியும் விந்தணு கிடைக்காது, வீணா அறுத்துக்க வேண்டாம். மத்தவங்களுக்கும் பாதிக்குப் பாதிதான் கிடைக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் டெஸ்டோஸ்டிரான் குறையலாம், அதையும் பின்னால பாத்துக்கணும். உங்க ஹார்மோன் ரிப்போர்ட்டைத் தனிப் பதிவாப் போடுங்க, அங்க பேசலாம்.