என் காலத்துக்குப் பின் மகளுக்கு பி.எஃப். பணமும் ஓய்வூதியமும் சேர என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

நொய்யல்கரை:
அனைவருக்கும் வணக்கம். கோவையில் மோட்டார் பம்பு தயாரிக்கும் தனியார் நிறுவனமொன்றில் 1997 முதல் பணியாற்றி வருகிறேன். 58 வயது நிறைவதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். இளையவளான மகளுக்கு 23 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உடையவள். தன் தேவைகளைச் சொல்லுவாள், ஆனால் பணத்தைக் கையாளத் தெரியாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கி வைத்திருக்கிறோம்.

பி.எஃப். எனும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி, அதனுடன் சேர்ந்த ஓய்வூதியத் திட்டம், நானாகச் சேமிக்கும் பொது வருங்கால வைப்பு நிதியான பி.பி.எஃப்., வங்கி வைப்புகள் ஆகியவையே என் சேமிப்பு. எல்லாவற்றுக்கும் மகனையோ என் தம்பியையோ நாமினியாகப் போட்டுவிட்டால் அவர்கள் அவளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மகன் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆயினும் அவள் பங்கு அவளுடையதாகவே இருக்க வேண்டும் என்று நானும் மனைவியும் விரும்புகிறோம். எங்கள் இருவருக்கும் பின் ஓய்வூதியம் மகளுக்கு வருமா? அதை உயிலில் எழுதி வைக்கலாமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஊதியப்பிரிவு ஓய்வாளர்:
ஐயா, முதலில் ஓய்வூதியத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் பலரும் அறியாமல் இழப்பது அதைத்தான். 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, உறுப்பினர் இறந்தால் மனைவிக்கு ஓய்வூதியமும், 25 வயது வரை ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தனித்தனியே பிள்ளைகள் ஓய்வூதியமும் உண்டு. நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாத நிலையில் உள்ள மகனோ மகளோ இருந்தால், இந்த வயது வரம்பும் எண்ணிக்கை வரம்பும் அவர்களுக்குப் பொருந்தா. ஆயுள் முழுவதும் அவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்கும். உங்கள் மகளுக்கு 25 வயது கடந்தாலும் இந்த உரிமை போகாது.

தொகை பெரிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் மாதம் 4,000 ரூபாய் ஓய்வூதியம் பெற்றுவரும் நிலையில் காலமானால், மனைவிக்கு அதில் பாதி 2,000 ரூபாய். மகளுக்கு மனைவியின் தொகையில் கால் பங்கு, அதாவது 500 ரூபாய். தாயும் இல்லாதபோது பெற்றோரற்ற பிள்ளைக்குரிய விகிதமான முக்கால் பங்கு, அதாவது 1,500 ரூபாய். பணியில் இருக்கும்போதே இறப்பு நேர்ந்தால் மனைவியின் தொகை வேறு முறையில், பெரும்பாலும் கூடுதலாகவே கணக்கிடப்படும். 7 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டுத் தொகையும் குடும்பத்துக்கு வரும். எப்படியாயினும் மகளின் வாழ்க்கைச் செலவு பி.எஃப். தொகையையும் மற்ற சேமிப்பையும் நம்பியே இருக்கப் போகிறது.

தம்பியின் பெயரை பி.எஃப். கணக்கில் எழுதினால் அது செல்லாது. குடும்பம் உள்ள உறுப்பினர் தம் குடும்பத்தாரையே நாமினியாக நியமிக்க முடியும். உடன்பிறந்தவர்கள் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். திருமணத்துக்கு முன் செய்த நியமனமும் திருமணத்தோடு செல்லாததாகிவிடும் என்பதால், பணியில் சேர்ந்தபோது தாயார் பெயரை எழுதிய பழைய படிவம் இருந்தால் அதைக் கணக்கில் கொள்ளாதீர்கள்.

பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் நியமனம் செய்யும்போது குடும்பத்தார் ஒவ்வொருவரின் விவரத்தையும் நிழற்படத்தையும் ஏற்றி, பங்கு விகிதத்தைக் கூட்டினால் நூறு வருமாறு நிரப்பிச் சேமிப்பதோடு வேலை முடிந்துவிடாது. அதன்பின் ஆதாருடன் இணைத்த கைபேசி எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு மின்கையொப்பம் இட்டால்தான் நியமனம் முழுமை பெறும். சேமித்ததோடு நிறுத்திவிட்ட தொழிலாளர்களின் குடும்பங்கள், பின்னர் வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்ததை நான் பணியில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மலர்விழியின் அம்மா:
என் மகளும் உங்கள் மகளைப் போன்றவள்தான், அண்ணா. ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 18 வயது நிறைந்தபின், பெற்றோராகிய நாமே கூட சட்டப்படி அவளுக்குத் தாமாகப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன்கீழ் மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர் நிலைக் குழுவுக்கு விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமன ஆணை பெற வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அந்த ஆணை இல்லாமல் மகள் பெயரில் உள்ள வைப்பிலிருந்து பணம் எடுக்கச் சென்றபோது, வங்கிக் கிளை ஒன்றில் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணம் அவளுடையது, அவளுக்கான மருந்துச் செலவு அன்றைக்கே இருந்தது, இருந்தும் தொட முடியவில்லை. நீங்களும் அண்ணியும் நலமாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

வழக்கறிஞர், மதுரை:
உயில் பற்றிய கேள்விக்கு வருகிறேன். குடும்ப ஓய்வூதியத்தை உயிலின் மூலம் யாருக்கும் எழுதி வைக்க இயலாது. அது விதிகள் யாரைக் குறிக்கின்றனவோ அவர்களுக்கே சேரும், இறந்தவருடைய சொத்தின் பகுதி அன்று என்று 1991ஆம் ஆண்டு ஒரு ரயில்வே ஊழியரின் மனைவி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது. உங்கள் நிலையில் இந்த விதி மகளுக்கு அரணாகவே அமைகிறது, ஏனென்றால் பிற்காலத்தில் யார் எந்த ஆவணத்தைக் காட்டினாலும் அவளுடைய ஓய்வூதியத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

வங்கி வைப்பும் பி.பி.எஃப்.பும் வேறு வகை. அங்கே நாமினி என்பவர் நிறுவனத்திடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதான். பணம் யாருக்கு உரியது என்பதை உயிலும், உயில் இல்லையேல் வாரிசுரிமைச் சட்டமும் தீர்மானிக்கின்றன. நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்றால், உயில் இல்லாத நிலையில் மனைவி, மகன், மகள் ஆகியோருக்கும், தாயார் இருந்தால் அவருக்கும் சம பங்கு. மகனை மட்டும் நாமினியாக வைத்தால் சட்டப்படி மகளின் பங்கு அழிந்துவிடாது. ஆனால் அதை அவளுக்காகக் கேட்டுப் பெற ஒருவர் வேண்டுமே! அந்த இடத்தில்தான் இத்தகைய குடும்பங்கள் தடுமாறுகின்றன. மகன் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குக் கடன் நெருக்கடி வந்தாலோ, அவருக்கே ஏதேனும் நேர்ந்தாலோ தங்கையின் பணம் அவருடைய பணத்தோடு கலந்து கிடக்கக் கூடாது.

ஆகவே, உங்களுக்குப் பின் மனைவிக்கும் அவருக்குப் பின் மகளின் பராமரிப்புக்கான ஓர் அறக்கட்டளைக்கும் சொத்து செல்லுமாறு உயில் எழுதுங்கள். மகனையும் நம்பிக்கைக்குரிய இன்னொருவரையும் அறங்காவலர்களாகச் சேர்ந்தே செயல்படும்படி நியமியுங்கள். மனைவியும் தம் பெயரில் இதேபோல் ஓர் உயில் எழுத வேண்டும், ஏனெனில் உங்கள் பணம் அவர் கைக்கு வந்தபின் அது அவருடைய சொத்தாகிவிடும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை என்றாலும், இத்தகைய உயிலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நொய்யல்கரை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பி.எஃப். நியமனத்தில் மனைவிக்கு முழுவதையும் எழுதுவதா, மகளுக்கும் ஒரு பங்கு எழுதுவதா என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

ஊதியப்பிரிவு ஓய்வாளர்:
மகளுக்கான பாதுகாவலர் ஆணை கைக்கு வரும்வரை மனைவிக்கே முழுவதையும் எழுதுங்கள் என்பேன். மகளுக்கு 40 விழுக்காடு எழுதிவிட்டு ஆணை இல்லாமல் இருந்தால், அந்தப் பங்கு அலுவலகத்திலேயே தேங்கிவிடும். வீட்டுக்குப் பணம் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான். ஆணை வந்தபின் மகளுக்கும் பங்கு எழுதிப் புதிய நியமனம் செய்யலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பங்கு எழுதாவிட்டாலும், குடும்ப விவரப் பட்டியலில் மகளின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இன்றே பதிவாகியிருக்க வேண்டும், ஏனெனில் ஓய்வூதியம் கோரும் நாளில் அவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

வங்கி வைப்புகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை, ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசையிலும், நாமினி நியமிக்கலாம். மனைவியை முதலாவதாகவும் மகனை இரண்டாவதாகவும் போட்டு வைத்தால், மனைவி உங்களுக்கு முன்பே காலமாகிவிட்டாலும் பணத்தைப் பெற்று உயிலின்படி அறக்கட்டளையில் சேர்க்க ஒருவர் இருப்பார். மருத்துவச் சான்று, அடையாள அட்டை, ஓய்வூதியக் கணக்கு எண் ஆகியவற்றின் நகல்களை மகனிடமும் ஒரு தொகுப்பாகக் கொடுத்து வையுங்கள்.