புதுப்பிப்பு: மிசோலாவில் வீடு வாங்கியாச்சு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மிசோலாவில் வீடு வாங்கலாமா என்று போன வருஷம் கேட்டிருந்தேனே, வாங்கிக் குடியேறிவிட்டோம்.

அங்கே வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பது பொதுப் பதிவில் வராது. அதனால் இணைய மதிப்பீட்டை நம்பாமல், ஏஜென்ட் காட்டிய அக்கம்பக்கத்து விற்பனைகளை வைத்தே பேரம் பேசினோம். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடான் இருக்கிறதா என்று சோதனை செய்யச் சொல்லி அப்போது பதில் போட்டவருக்குக் கும்பிடு! சரிசெய்தாக வேண்டும் என்று சொல்லும் அளவான லிட்டருக்கு 4 பிகோக்யூரியை (கதிரியக்க அலகு) தாண்டியிருந்தது. விற்றவர் செலவிலேயே அந்த வாயுவை வெளியேற்றக் குழாயும் விசிறியும் வைத்தாச்சு.

விற்பனை வரி இல்லை என்று சோபா வாங்கும்போது குஷி. சொத்து வரி ரசீது வந்ததும் அந்தக் குஷி இறங்கிவிட்டது.

குளிர்காலம்தான் பேஜார். குளிர்காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்க, மேலே வெப்பக்காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும்; நாள்கணக்கில் சாம்பல் வானம், விறகடுப்புப் புகை. ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வேறு. இங்கே வீடு வாங்க ஊர் பார்க்க வருகிறவர்கள் ஜூனில் மட்டும் வந்து மயங்காதீர்கள், ஜனவரியிலும் ஒரு வாரம் தங்குங்கள்.