ஐசோஃபிக்ஸ் இல்லாத பழைய காரில் குழந்தை இருக்கை: உதவி தேவை

வணக்கம். எங்களுடையது 2008-ஆம் ஆண்டின் சிறிய கார். குழந்தை இருக்கையை பெல்ட் இல்லாமல் காரிலேயே நேரடியாக மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கம்பி வளையங்கள் கிடையாது. பின்சீட்டின் இரு ஓரங்களிலும் மூன்று முனை பெல்ட், நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும். பத்து மாத மகளுக்காக, பின்னோக்கிப் பொருத்தும் இருக்கை வாங்கியிருக்கிறோம். மூன்று முனை பெல்ட்டால்தான் கட்ட வேண்டும் என்கிறது கையேடு. ஆகவே நடு இடம் ஆகாது.

சிக்கல் என்னவென்றால், எங்கள் பெல்ட் திடீரென இழுபடும்போது மட்டுமே பூட்டிக்கொள்ளும் வகை. முழங்காலை ஊன்றி அழுத்தி இறுக்கினாலும் சற்றுத் தூரம் ஓட்டியதும் தளர்ந்துவிடுகிறது. குழந்தை இருக்கையை, பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்தால் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக்கூடாது, இது நகர்கிறது. பெல்ட்டை மாட்டும் பக்கிளின் தண்டும் நீளமாக இருப்பதால் குழந்தை இருக்கையின் விளிம்பில் மடங்கி நிற்கிறது. எனக்கு அதிக பயம் அதில்தான்.

கோவையில் நேரில் பார்த்துச் சரியாகப் பொருத்தத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா? பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் உலோக லாக்கிங் கிளிப் எங்கே கிடைக்கும்? பெல்ட்டைக் கவ்வும் பிடி உள்ளேயே அமைந்த இருக்கையைப் பழைய காரில் பயன்படுத்துபவர்கள், தயவுசெய்து மாடல் பெயரையும் பொருத்திய படத்தையும் பகிருங்கள். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். மோதும் வேகத்தில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது.