புதுப்பிப்பு: போலந்து டோருன்ல பையனோட எங்க சுத்தலாம்?

ஐடியா குடுத்த எல்லாருக்கும் தேங்க்ஸ் மக்களே. ஜிஞ்சர்பிரெட் (இஞ்சி, மசாலா போட்ட பிஸ்கட் மாதிரி) மியூசியம் போங்கன்னு சொன்னது தான் செம ஒர்க் அவுட் ஆச்சு, மாவு பிசைஞ்சு மர அச்சுல அழுத்தி நாமளே சுட்டு எடுக்கலாம், பையன் கையெல்லாம் மாவு. எதிர்பாக்காத விஷயம், நாம சுடுறது கல்லு மாதிரி, அலங்காரத்துக்குத் தான், சாப்பிடணும்னா கடையில தனியா வாங்கணும். அப்புறம் சாய்ஞ்ச கோபுரம், ஒன்றரை மீட்டர் கிட்ட சாய்ஞ்சிருக்கு, குதிகால சுவத்துல ஒட்டி கைய நீட்டி நின்னா பாவம் பண்ணாதவங்க விழமாட்டாங்களாம், விழாம நிக்கிறது ரொம்பக் கஷ்டம்ங்க. பூமி தான் சூரியனைச் சுத்துதுன்னு சொன்ன கோப்பர்நிகஸ் 1473ல பொறந்த ஊரு இது, அவர் சிலை பழைய டவுன்ஹால் முன்னாடியே இருக்கு. டவுன்ஹால் டவர்ல படி ஜாஸ்தி, முட்டி வலி இருக்கறவங்க விஸ்டுலா ஆத்துக்கு அக்கரையில இருந்து பாருங்க, மொத்த பழைய ஊரும் ஒரே ஃபிரேம்ல வரும்.